பாடம் 7-ஐ யார் தேடுவார்?

என் தளத்தில் இருபத்துச் சொச்சம் பாடங்கள் கிடக்கின்றன. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில், அதன் மூளையான இசட்80 சில்லுக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் எழுதுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்பவை. அவற்றை எழுதி முடிக்க மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆனால் அந்தப் பாடங்களில் இருக்கும் விஷயத்தையே கூகுளில் தட்டிப் பார்த்தால் என் தளம் முதல் பக்கத்தில் இல்லை, மூன்றாம் பக்கத்திலும் இல்லை. காசு பார்க்கும் தளம் இல்லை என்பதால் நஷ்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பந்திக்கு இலை போட்டுவிட்டு விலாசத்தை யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது போல ஒரு சங்கடம்.

கையில் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. தளத்தையே சீர்செய்யலாம். மற்ற ஸ்பெக்ட்ரம் தளங்களிலிருந்து இணைப்பு வாங்கலாம். யூடியூபுக்குப் போகலாம். சமூக ஊடகத்தில் கூவலாம். காசு கொடுத்து விளம்பரம் போடலாம். இதே நிலையில் இருப்பவர்கள், கம்மடோர் 64, பிபிசி மைக்ரோ போன்ற அதே காலத்துக் கணினிகளுக்குப் பாடம் எழுதி வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

தேடி வருபவர் யார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்பெக்ட்ரம் பிரிட்டனில் 1982 ஏப்ரலில் வந்தது. 16 கேபி நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கேபி கொண்டது 175 பவுண்டு. அந்தக் காலத்தில் அதை வைத்திருந்து, இப்போது ஓய்வில் மறுபடி தூசி தட்டுபவர்கள் ஒரு கூட்டம். 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி உருவான ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்டை வாங்கியவர்கள் இன்னொரு கூட்டம். 2024 நவம்பரில் ரப்பர் விசைகளோடும் எச்டிஎம்ஐ இணைப்போடும் ‘தி ஸ்பெக்ட்ரம்’ என்ற மறுபிறவி வந்த பிறகு, கேசட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். இவர்களில் யாரும் ‘அசெம்பிளி பாடம்’ என்று தேடி ஆற அமர முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஏதோ ஒன்று ஓடாமல் நிற்கும்போதுதான் வருகிறார்கள். திரையில் தெரிந்த பிழைச் செய்தியை அப்படியே தட்டுகிறார்கள்: ‘ஆர் டேப் லோடிங் எரர், 0:1’. அல்லது கணினி நினைவகத்தில் உள்ள ஓர் இடத்தின் எண்ணை, அதாவது முகவரியை, தட்டுகிறார்கள்: 23606. அந்த எண்ணை வைத்துத் தேடுபவருக்கு எழுத்துருவை மாற்ற வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

பெயரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெறும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்று தமிழில் தேடினால் 2ஜி வழக்கு வந்து நிற்கும். ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கக் கேபிள் நிறுவனமும் ஆட்டிசமும் முந்திக்கொள்ளும். ‘ஸ்பெக்ட்ரம் பாடங்கள்’ என்று முகப்பில் பெரிதாக எழுதி வைத்த எனக்கு இது உறைக்க வெகுகாலம் பிடித்தது. பெயருக்கு முன்னால் ‘இசட்எக்ஸ்’, எங்காவது ஓரிடத்தில் அதைத் தயாரித்த ‘சின்க்ளேர்’, இன்னோரிடத்தில் ‘இசட்80’ என்று சேர்த்தால்தான் தேடுபொறிக்கு நாம் எந்த ஊர்க்காரர் என்று புரிகிறது.

தளத்தையே சீர்செய்வது

இந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செலவு இல்லை, புகழும் இல்லை, செய்யும்போது அலுப்பாக இருக்கும். ஆனால் என் மதிப்பில் மற்ற எல்லா வழிகளும் இதற்குப் பிறகுதான்.

என் ஏழாம் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெக்ட்ரமின் திரை நினைவகம் 16384-இல் தொடங்குகிறது. 256-க்கு 192 புள்ளிகளுக்கு 6144 பைட்டுகள். முதல் வரிக்கு 32 பைட் போனதும் அடுத்த 32 பைட் இரண்டாவது வரிக்குத்தானே என்று யாரும் நினைப்பார்கள். இல்லை, அது ஒன்பதாவது வரிக்குப் போகிறது. இரண்டாவது வரி 256 பைட் தள்ளி இருக்கிறது. கேசட்டிலிருந்து படம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: மேலிருந்து கீழே ஒழுங்காக நிரம்பாமல், ஜன்னல் தடுப்புப் பட்டைகள் மாதிரி வரி விட்டு வரி விழுந்து, பிறகு இடைவெளிகள் நிரம்பும். அந்தக் குளறுபடிக்குக் காரணம் இந்த முகவரி அமைப்பு. இதன் நல்ல பக்கம், ஓர் எழுத்துக் கட்டத்துக்குள் ஒரு வரி கீழே இறங்க ‘இன்க் ஹெச்’ என்ற ஒரே கட்டளை போதும். கட்டத்தின் எல்லையைத் தாண்டும்போது மட்டும் கூடுதலாகச் சில கட்டளைகள். ஸ்பெக்ட்ரமில் விளையாட்டு எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒருநாள் தடுக்கி விழுந்தே தீர வேண்டும். அதாவது, என்னிடம் இருப்பதிலேயே அதிகம் தேடப்படக்கூடிய பாடம் இதுதான்.

அந்தப் பக்கத்துக்கு நான் வைத்திருந்த தலைப்பு: ‘பாடம் 7’.

தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் பக்கத்தின் டைட்டில் டேக்கில் இருப்பதுதான். ‘பாடம் 7’ என்று யார் தேடுவார்? ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் திரை முகவரி: ஒரு புள்ளி வரி கீழே இறங்குவது எப்படி’ என்று மாற்ற ஒரு நிமிடம்தான் ஆனது. இருபத்துச் சொச்சம் பக்கங்களுக்கும் மாற்ற ஒரு மாலை. மூன்று வருடம் எழுதியவன் இந்த ஒரு மாலையைச் செலவிடவில்லை.

இதே வகையில் இன்னொன்று. சின்க்ளேர் கையேடு முகவரிகளைப் பத்தடிமானத்தில் சொல்லும், 16384 என்று. அசெம்பிளிக்காரர்கள் பதினாறடிமானத்தில் 4000 என்பார்கள். நான் இரண்டாவதை மட்டுமே எழுதியிருந்தேன், முதலாவதை எழுதினால் பேசிக் என்ற எளிய மொழியோடு நின்றுவிட்ட பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அசட்டுக் கௌரவம். தேடுபவர்களில் பாதிப் பேருக்கு என் பக்கம் கண்ணிலேயே பட வழியில்லை. இப்போது ஒவ்வொரு முகவரியையும் முதல்முறை சொல்லும்போது இரண்டு விதமாகவும் எழுதுகிறேன். பிழைச் செய்திகளையும் இயந்திரம் காட்டும் அதே எழுத்துகளில் கொடுத்துவிடுவது நல்லது. அதோடு ‘0:1’ என்றால் நேரடியாகத் தட்டிய கட்டளையின் முதல் கூற்று என்ற விளக்கத்தையும் ஒரு வரியில் போட்டுவிட்டால், வந்தவருக்கு வந்த வேலை முடிந்தது.

நிரலைப் படமாகப் போடும் பழக்கம் ரெட்ரோ தளங்களில், அதாவது பழைய கணினி ஆர்வலர்களின் தளங்களில், நிறைய. எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) திரையை அப்படியே பிடித்துப் போட்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் உரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது. வந்தவராலும் அதை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. படமும் வேண்டும், கீழே எழுத்தாகவும் வேண்டும்.

அடுத்தது தோற்றம். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, இடப்பக்கம் ஒரு ஃபிரேமில் (திரைக்குள் தனியாக ஏறும் இன்னொரு பக்கம்) பட்டியல், வலப்பக்கம் பாடம். என் தளம் 1998-ஐ நினைவூட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தேன். ஃபிரேமின் தொல்லை என்னவென்றால், தேடுபொறி உள்ளே இருக்கும் பாடப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். வந்தவருக்கு முன்பாடம் எங்கே, அடுத்த பாடம் எங்கே என்று எதுவும் தெரியாது. கூகுள் இப்போது பக்கங்களைக் கைபேசி கண்ணால்தான் பார்க்கிறது. 2016-இல் அறிவித்த அந்த மாற்றத்தை 2023-இல் முழுமையாக்கியது. பக்கத்தைக் கைபேசித் திரையின் அகலத்துக்குப் பொருந்தச் சொல்லும் வியூபோர்ட் என்ற ஒற்றை வரியைச் சேர்த்து, ஃபிரேமை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் முந்தைய, அடுத்த பாடங்களின் பெயரையே இணைப்பாகக் கொடுத்தேன். ‘அடுத்து’ என்று மட்டும் எழுதினால் அந்த இணைப்பு எதைப் பற்றியது என்று மனிதருக்கும் தெரியாது, பொறிக்கும் தெரியாது. மஞ்சள் எழுத்து அப்படியே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி எந்தத் தேடுபொறியும் கேட்கவில்லை.

கீவேர்ட்ஸ் என்ற மெட்டா டேக்கில் ஐம்பது சொல்லை அடைத்து வைப்பது வீண். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிந்து சைட்மேப் (தளத்துப் பக்கங்களின் பட்டியல்) கொடுப்பது மட்டும் அரை மணி நேர வேலை, செய்துவிடுங்கள். அதில் கிடைக்கும் பெரிய லாபம் சைட்மேப் அல்ல. என்ன சொல் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியல். நாம் எதை எழுதினோம் என்று நினைக்கிறோமோ அதற்கும், உலகம் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதற்கும் உள்ள தூரம் அதில் தெரியும். பிங் தளத்தின் கருவியிலும் ஒருமுறை பதிந்துவிடலாம். டக்டக்கோ என்ற தேடுபொறி தன் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்துதான் எடுக்கிறது, ரெட்ரோ ஆட்களில் டக்டக்கோ பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் அதிகம் என்பது என் அனுமானம்.

சொந்த முகவரியா, ஓசி இடமா

கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்றவை இலவசமாக இடம் தருகின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. சொந்த டொமைன் வாங்கினால் மட்டும் தேடலில் மேலே ஏறிவிடும் என்பது கட்டுக்கதை. பிறகு எதற்கு ஆண்டுதோறும் காசு? என் முதல் தளம் ஓர் இலவச ஹோஸ்டிங்கில் இருந்தது. ஒருநாள் அவர்கள் கடையைக் கட்டினார்கள். பாடங்களின் நகல் என்னிடம் இருந்தது. ஆனால் அந்தப் பழைய முகவரிக்கு யார் யாரோ கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் ஆகாயத்தைக் காட்டின. இது புதிதல்ல. 2009-இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது இதே விதி எத்தனையோ பொழுதுபோக்குத் தளங்களுக்கு நேர்ந்தது. சொந்த டொமைன் இருந்தால், ஹோஸ்டிங்கை மாற்றினாலும் முகவரி மாறாது. பக்கத்தின் பெயரை மாற்றினால்கூட 301 திருப்பிவிடுதலால் பழைய இணைப்பு புதிய பக்கத்துக்கு வந்து சேரும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. புதுப்பிக்க மறந்தால், அல்லது நாமே போய்ச்சேர்ந்தால், டொமைன் கைமாறி அதில் சூதாட்ட விளம்பரம் ஓடும். பழைய தளங்கள் பலவற்றின் இடத்தில் இப்போது அதுதான் ஓடுகிறது. இலவச இடமோ கவனிக்க ஆளில்லாமலும் பல காலம் அப்படியே கிடக்கும். நான் இரண்டையும் கலந்தேன். முகவரி சொந்தம், இடம் ஓசி. வருடம் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு கேட்டுப் போவது

கூகுள் 1998-இல் தொடங்கியதே யார் யாருக்கு இணைப்பு கொடுக்கிறார் என்ற கணக்கின் மேல்தான். பிறகு எவ்வளவோ மாறியும், நல்ல தளம் ஒன்றிலிருந்து வரும் ஓர் இணைப்புக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் உலகத்தில் அந்த நல்ல தளங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும்: 1995-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம், அதற்குப் பின் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டிங். இவற்றை நடத்துபவர்களும் நம்மைப் போன்ற ஆர்வலர்கள்தான். ‘என் தளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘திரை முகவரி பற்றி உங்கள் பட்டியலில் ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் உதவலாம்’ என்று ஒரே ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்பது பலன் தரும். யாராவது எங்காவது இதே இடத்தில் சிக்கி நிற்கும்போது, பதிலை முழுதாக அங்கேயே சொல்லிவிட்டு, மேலும் படிக்க என்று ஓர் இணைப்பு வைப்பது அதைவிடவும் மேல். பாதி பதிலைச் சொல்லி மீதிக்கு என் தளத்துக்கு வா என்று இழுப்பவரை அந்தக் கூட்டம் இரண்டாம் முறை மதிக்காது.

விக்கிப்பீடியாவில் நம் இணைப்பை நாமே செருகலாமா? வேண்டாம். அங்கே வெளி இணைப்புகள் 2007 முதல், தேடுபொறியிடம் இதை மதிப்பெண்ணாக எடுக்காதே என்று சொல்லும் நோஃபாலோ குறியோடுதான் இருக்கின்றன, தரவரிசைக்காகப் போடுவதில் அர்த்தமில்லை. சொந்தச் சரக்கைச் செருகுவது அவர்கள் விதிகளுக்கும் ஒவ்வாது, மறுநாளே நீக்கிவிடுவார்கள். தளங்களை வகைவாரியாகப் பட்டியலிட்ட டிமாஸ் போன்ற பெரிய அடைவுகளின் காலமும் முடிந்தது. அது 2017-இல் மூடப்பட்டது. இன்னும் ‘ஆயிரம் அடைவுகளில் பதிந்து தருகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்புபவர்களுக்குப் பதில் போட வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் எனக்குப் பிடித்த ஒரு சந்து இருக்கிறது. வைபி, மார்ஜினாலியா என்று இரண்டு சின்னத் தேடுபொறிகள். வைபி பழைய பாணியில், எளிய எச்டிஎம்எல்லில் செய்த பக்கங்களைத் தேடுவதற்கென்றே இருப்பது. பக்கத்தை நாமே சமர்ப்பிக்கலாம். மார்ஜினாலியா ஸ்வீடனிலிருந்து ஒருவர் நடத்துவது. எழுத்து நிறைந்த, ஜிகினா இல்லாத தளங்களை மேலே கொண்டுவருவது அதன் நோக்கம். கூகுளோடு ஒப்பிட்டால் கூட்டம் கைப்பிடியளவுதான். ஆனால் அங்கே வருபவர் நம் சாதிசனம். மஞ்சள் எழுத்தைப் பார்த்து ஓட மாட்டார், நன்றாயிருந்தால் தன் தளத்தில் இணைப்பும் கொடுப்பார். வெப்ரிங்கும் அப்படியே: ஒரு வளையத்தில் இருக்கும் தளங்கள் ஒன்றுக்கொன்று கை கோத்திருக்கும் பழைய ஏற்பாடு, ரெட்ரோ தளங்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு லாபம் வேறு எதிலும் இல்லை.

தொழில்நுட்ப ஆட்கள் இணைப்புகளைப் பகிரும் ஹேக்கர் நியூஸ் தளத்தின் முகப்பில் ஒருநாள் ஏறுவது வேறு கதை. வெள்ளம் மாதிரி வந்து வடிந்துவிடும். அந்த ஒருநாள் கூட்டத்தை நம்பித் திட்டம் போட முடியாது. வடிந்த பிறகு நிற்கும் நாலைந்து இணைப்புகள்தான் மிச்சம், அதுவும் நல்லதே.

யூடியூப், மற்றவை

எல்லோரும் சொல்லும் யோசனை இது. ரெட்ரோ கணினிக்கு யூடியூபில் இருக்கும் கூட்டம் உண்மையில் பெரியதுதான். ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் இயந்திரத்தைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றுவது, பழைய விளையாட்டை ஆடிக் காட்டுவது. அசெம்பிளி பாடம் என்பது நிறுத்தி, பின்னால் போய், நகலெடுத்து, ஓட்டிப் பார்க்க வேண்டிய சரக்கு. அதை வீடியோவாக்க ஒரு பாடத்துக்கு என் மூன்று நான்கு ஞாயிறுகள் போகும். சின்ன ஷார்ட்ஸ் போட்டு ஆளைத் தளத்துக்கு இழுக்கலாம் என்றால், 2023 ஆகஸ்ட் முதல் ஷார்ட்ஸின் விளக்கத்தில் கொடுக்கும் இணைப்பைச் சொடுக்கவே முடியாது. கேசட் ஓசை, ஒரே எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் மூன்றாவது நிறம் வந்து அப்பிக்கொள்வது போன்ற, கண்டும் கேட்டும்தான் புரியும் விஷயங்களுக்கு மட்டும் ஒரு நிமிடத் துண்டு எடுத்து, பாடத்துக்குள்ளேயே பதித்திருக்கிறேன். அதற்கு மேல் போக எனக்கு மனமில்லை. குரலும் முகமும் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

சமூக ஊடகப் பதிவு இரண்டு நாளில் அடியில் போய்விடும். மூன்று வருடம் கழித்து டேப் பிழையில் சிக்கப்போகிறவருக்கு அது எட்டாது. விளம்பரத்தை நான் ஒரு மாதம் யோசித்தேன், ஒரு நிமிடத்தில் விட்டேன்: எதையும் விற்காத தளத்துக்குச் சொடுக்கு ஒன்றுக்குக் காசு கொடுப்பது, நிறுத்திய அன்றே வருகையும் நிற்பது.

புதிதாக வந்திருக்கும் கவலை, 2024 முதல் கூகுள் முடிவுகளின் தலையில் வந்து உட்காரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம். ‘இசட்80-இல் எத்தனைப் பதிவகங்கள்’ என்ற ரகக் கேள்விக்கு இனி யாரும் நம் பக்கம் வரை நடந்து வர மாட்டார்கள். அந்த ரகப் பக்கங்களைப் பளபளப்பாக்குவதை நிறுத்திவிட்டேன். ஓட்டிப் பார்த்த நிரல், இறக்கிக்கொள்ள ஒரு டேப் கோப்பு, பக்கத்துக்குள்ளேயே ஓடும் எமுலேட்டர் ஆகியவற்றைச் சுருக்கத்தால் தர முடியாது. உலாவிக்குள் ஓடும் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் இருக்கின்றன. 1986-இல் சின்க்ளேரின் கணினிகளை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டர்களோடு ரோமை, அதாவது இயந்திரத்துக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரலை, பகிர்வதற்குப் பின்னாளில் தாராளமாக அனுமதி கொடுத்ததால் அதில் சட்டச் சிக்கலும் இல்லை. ஒன்று மட்டும்: எமுலேட்டர் பெட்டிக்குள் தெரியும் எழுத்தைத் தேடுபொறி படிக்காது, எனவே விளக்கம் வெளியே இருக்க வேண்டும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

இதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் தேடுபவர் ஏராளம், போட்டியும் ஏராளம், பிரிட்டன்காரர்களின் நாற்பது வருடச் சேகரம் முன்னால் நிற்கிறது. தமிழில் தேடுபவர் சொற்பம், போட்டி அநேகமாக இல்லை. ஆனால் தமிழ்ப் பாடம் வேண்டும் என்பவர்கூடத் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார், கூடவே ‘இன் தமிழ்’ என்று சேர்த்து. அதனால் தமிழ்ப் பக்கத்தின் தலைப்பில் இயந்திரத்தின் பெயரை இரண்டு எழுத்திலும் வைக்கிறேன். இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் குழைப்பது இரண்டுக்கும் கேடு. தனித்தனி முகவரி கொடுத்து, ஒன்றுக்கொன்று இணை என்று எச்ரெஃப்லாங் குறிப்பால் சொல்லிவிடுவதே முறை. மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டு எடுத்து அப்படியே ஏற்றும் யோசனையை ஏழாம் பாடத்தில் சோதித்தேன். திரையில் நிறத்தைக் குறிக்கும் ‘அட்ரிப்யூட்’ எல்லாம் ‘பண்புக்கூறு’ ஆகி, இயந்திரத்தைத் தொட்டவருக்கும் புரியாத, தொடாதவருக்கும் புரியாத ஒன்று கிடைத்தது.

தமிழில் எழுதத் தோதான விஷயம் ஒன்று கைவசம் இருக்கிறது. எண்பதுகளில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கேயே விற்ற ‘டிபி ஸ்பெக்ட்ரம்’. பரணில் அதைக் கண்டெடுத்து, இதை எப்படி டிவியில் சொருகுவது என்று தேடும் ஒருவருக்குப் பிரிட்டன் தளங்களில் பதில் எளிதாகக் கிடைக்காது. அடுத்த இரண்டு ஞாயிறுகள் அந்தப் பக்கத்துக்கு. இந்த முறை தலைப்பை முதலில் எழுதிவிட்டேன்.